நாற்பது பேருக்கு ஒரு கோயில்

1991ஆம் ஆண்டு அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அம்மா தம் வளையல்களில் இரண்டை விற்று, வீட்டில் இருந்ததையும் அதனோடு சேர்த்து 10,000 ரூபாயாக்கி, அப்பா 27 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்த பள்ளிக்குக் கொடுத்தார். அந்தத் தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டு, பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் வட்டியிலிருந்து அப்பா பெயரால் ஒரு பரிசு தரவேண்டும் என்பது ஏற்பாடு. அப்போது வட்டி ஏறக்குறைய 11 விழுக்காடு. ஆண்டுக்கு 1,100 ரூபாய் வந்தது. ஒரு கேடயமும் ஐந்தாறு நல்ல புத்தகங்களும் அதில் தாராளமாக அடங்கின. முதல் ஆண்டு விழாவில் பரிசு கொடுக்க அம்மாவையே மேடைக்கு அழைத்தார்கள். அன்று அம்மா அழவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதார்.

சென்ற ஆண்டு வேறொரு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனபோது பேச்சுவாக்கில் பரிசைப் பற்றிக் கேட்டேன். அது நின்று ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று எழுத்தர் சொன்னார். வட்டி 650 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டதாம், கேடயம் வாங்கவே அது போதாதாம். ஆகையால் எங்களைப் போன்றவர்கள் கொடுத்த சிறுசிறு தொகைகளையெல்லாம் ஒரே வைப்பாகச் சேர்த்து, ஏழைப் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்துக்குப் பயன்படுத்துகிறார்களாம். அந்த முடிவில் குற்றம் காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆறு ஆண்டுகளில் ஓர் அஞ்சலட்டைகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லையே என்பதில் எனக்குக் கோபம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பணம் போகலையேடா, பேர்தானே போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் அரிசி பொறுக்குவதைத் தொடர்ந்தார்.

இறந்தவர் பெயரால் கொடுக்கிற பணம் எத்தனை காலம் வாழ்கிறது, எதனால் வாழ்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு பாரிமுனைக்குப் போனவன், அங்குள்ள ஒரு தெருவில் அந்தக் கேள்விக்கு எதிர்பாராத துணையைக் கண்டேன். தமிழில் அந்தத் தெருவை அரண்மனைக்காரத் தெரு என்பார்கள். அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனியக்காரர்கள் தெரு என்பதே நம் நாவில் உருண்டு உருண்டு அரண்மனைக்காரர்கள் தெருவாகிவிட்டது. பெயரின் பொருளை மறந்துவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த அளவிலாவது வைத்திருக்கிறோம்.

அத்தெருவில் உள்ள புனித மரியாள் ஆர்மீனியக் கோயிலுக்கு இன்று உள்ளூர்ச் சபை என்று ஒன்று இல்லை. பாதிரியாரும் இல்லை, வாரந்தோறும் திருப்பலியும் இல்லை. ஆனால் கதவு திறக்கிறது, முற்றம் பெருக்கப்படுகிறது, தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் இருக்கின்றன, அவற்றை ஞாயிறுதோறும் காலை 9.30 மணிக்கு ஒலிப்பது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. ஏறக்குறைய 350 ஆர்மீனியர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பலருடைய கல்லறைக் கற்கள் நடைபாதையாகவே கிடப்பதால், எதன்மீது கால் வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்துத்தான் நடக்கவேண்டியிருக்கிறது.

இந்தச் சமூகத்தின் வரலாறு ஓர் எண்ணிக்கையில் தொடங்குகிறது. 1688ஆம் ஆண்டு லண்டனில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆர்மீனிய வணிகர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கம்பெனியின் ஊர்களில் எங்கெல்லாம் நாற்பது ஆர்மீனியர்களோ அதற்கு மேலோ குடியிருக்கிறார்களோ, அங்கெல்லாம் கம்பெனி தன் செலவில் மரத்தால் ஒரு கோயில் கட்டித் தரவேண்டும், அதன் குருவுக்கு ஆண்டுக்கு 50 பவுன் வீதம் ஏழு ஆண்டுகளுக்குச் சம்பளம் தரவேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஈரானில் இஸ்பகானுக்கு அருகிலுள்ள புதிய ஜூல்ஃபாவிலிருந்து பட்டு, மணி, துணி வணிகத்துக்காகப் புறப்பட்டு வந்தவர்கள், எத்தனை பேர் சேர்ந்தால் ஒரு சபை பிறக்கும் என்பதைக் கையெழுத்திட்டே எழுதி வாங்கிக்கொண்டார்கள். எத்தனை பேருக்குக் கீழே குறைந்தால் சபை இறக்கும் என்று எவரும் எழுதவில்லை. பிறப்பைப் பற்றிய விதி இருக்கிறது, இறப்பைப் பற்றியது இல்லை. ஏறக்குறைய எல்லா அறக்கட்டளைப் பத்திரங்களிலும் இதே குறையைத்தான் பார்க்கிறேன், எங்கள் வீட்டுப் பத்திரம் உட்பட.

சென்னையில் அவர்களுடைய முதல் கோயில் 1712இல் எழுந்தது. இப்போதிருப்பது 1772இல் கட்டப்பட்டது. ஆனால் அவர்களுடைய அறம் கோயிலோடு நிற்கவில்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற வணிகர் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டினார். மாம்பலம் என்ற பெயர் ஐரோப்பிய நாவில் திரிந்ததால் அதற்கு மார்மலாங் பாலம் என்று பெயர். பரங்கிமலைக்குப் போகும் பயணிகள் ஆற்றில் இறங்கி நனைய வேண்டாம் என்பதற்காக அந்தப் பாலம். மலை ஏறுபவர்கள் வழுக்கி விழ வேண்டாம் என்பதற்காக அங்கே படிகளும் அமைத்தார். பாலத்துக்கு அவர் செலவிட்டது 30,000 வராகன் (அக்காலப் பொற்காசு) என்று சொல்வார்கள். அது பெரிய தொகைதான். என்னை அதைவிட அதிகமாக யோசிக்க வைத்தது இன்னொரு தொகை. பாலத்தைப் பழுது பார்த்துக் காப்பதற்கென்று தனியாக 1,500 வராகனை அவர் விட்டுச் சென்றார்.

30,000 என்பது கொடுப்பவருக்குப் பெருமை தருகிற தொகை, கல்வெட்டில் பொறிக்கத்தக்க தொகை. 1,500 அப்படிப்பட்டதன்று, அது யாரோ ஒரு கொத்தனாருக்கும் சுண்ணாம்புக்கும் போகிற காசு. தாம் இறந்த பிறகும் ஆற்றில் வெள்ளம் வரும், கல் பெயரும், அதை ஒருவன் வந்து அடைக்கவேண்டும், அவனுக்குக் கூலி தரவேண்டும் என்று யோசித்த மனிதர்தான் அதை எழுதிவைக்க முடியும். துக்கத்தில் இருக்கும் குடும்பங்களால் இப்படி யோசிக்க முடிவதில்லை. எங்களாலும் முடியவில்லை. கட்டடத்துக்குக் கொடுக்கிறோம், மேசைக்குக் கொடுக்கிறோம், குளிர்நீர்க் கருவிக்குக் கொடுத்து அதன் நெற்றியில் பெயர் எழுதுகிறோம். அதன் வடிகட்டியை மாற்றும் செலவுக்குக் கொடுப்பவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பாலம் இன்று இல்லை. 1960களில் அதன் இடத்தில் புதிய பாலம் எழுந்து மறைமலை அடிகள் பாலம் என்று பெயர் பெற்றது. உஸ்கான் வைத்த கல் மட்டும் பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என்ற மூன்று மொழி எழுத்துகளோடு சாலையோரத்தில் நிற்கிறது. தமிழ் இல்லை என்பதில் எனக்குச் சிறிய மனக்குறை உண்டு. ஆனால் பேருந்தில் அவ்வழியே போகிற பல்லாயிரம் பேரில் எவருக்கும் அந்த மூன்று மொழிகளும் தெரியாதென்றாலும், ஆறு கடக்க ஒரு வழி அங்கேதான் இருக்கிறது.

உஸ்கானின் இன்னொரு கொடை இதைவிட விசித்திரமான வழியில் போயிற்று. வேப்பேரியில் அவருடைய ஆதரவில் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது உஸ்கான் அவர்கள் பக்கம் சாயவில்லை. அதனால் சொத்தையும் இழந்தார். ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பிய பிறகோ, கத்தோலிக்கக் குருமார்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவியவர்கள் என்ற ஐயம் எழுந்து, அவர்களுடைய ஆலயங்களைப் பறிக்கத் தொடங்கினார்கள். 1751 சனவரியில் உஸ்கான் இறந்தார். அவருடைய இதயத்தை மட்டும் எடுத்து ஒரு பேழையில் வைத்து, பிறந்த ஊரான புதிய ஜூல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். உடல் வேப்பேரியிலேயே அடக்கமாயிற்று. அடுத்த ஆண்டே அந்த ஆலயம் புராட்டஸ்டண்ட் மறைப்பணியாளர்களின் கைக்குப் போயிற்று. இன்று அது புனித மத்தியாஸ் ஆலயம். கட்டடமும் பிறகு புதிதாக எழுந்ததே.

கொடுத்தவரின் சமயப் பிரிவுக்கே எதிரானவர்கள் கையில் கொடை போய்ச் சேர்வதைவிட ஓர் அறக்கட்டளைக்கு நேரக்கூடிய பெரிய தோல்வி எது? ஆனால் அந்த வேப்பேரி வளாகத்துக்கு வந்தவர் யோகான் பிலிப் ஃபாப்ரிசியஸ். தமிழில் விவிலியத்தைத் திருத்தமாக மொழிபெயர்த்தவர், ஞானப்பாடல்களைத் தமிழாக்கியவர். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரி அச்சுக்கூடத்திலிருந்தே வெளிவந்தது. நான் அகராதிகளை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரிசையின் முன்னோரில் ஒருவருக்கு நிழல் தந்தது, ஓர் ஆர்மீனியரின் கைநழுவிப்போன கொடை என்பது நினைவுக்கு வருகிறது. இதே ஃபாப்ரிசியஸ், தம்மிடம் நம்பிக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெரிய மனிதர்களுக்கு வட்டிக்கு விட்டு, அது திரும்பாமல், முதுமையில் கடனுக்காகச் சிறை சென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல மனம் வேறு, பிறர் பணத்தைக் காக்கும் திறன் வேறு.

மகனை இழந்த தந்தையரின் கதைகள் இரண்டு இந்த அரண்மனைக்காரத் தெருவோடு தொடர்புள்ளவை. ஷாஹமீர் ஷாஹமீரியன் என்ற செல்வந்தர் 1772 அளவில் சென்னையில் ஓர் ஆர்மீனிய அச்சுக்கூடத்தை நிறுவியவர். அவருடைய மகன் யாக்கோபு 1774இல் மலாக்காவில் 29ஆம் வயதில் இறந்தார். அவருடைய கல்லறைக் கல் அங்குள்ள கிறிஸ்து ஆலயத்தில் ஆர்மீனிய எழுத்தோடு இருக்கிறது. சென்னையில் அச்சான நூல்களுள் ஒன்று, நாடே இல்லாதிருந்த ஆர்மீனியர்களுக்கு ஓர் அரசமைப்பை வகுத்துக் காட்டியது. அதன் ஆசிரியராக அச்சிடப்பட்ட பெயர் மகனுடையது. மகன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அது அச்சாகி முடிந்தது என்றும், உண்மையில் தந்தையின் படைப்பு என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால், இறந்த மகனுக்கு ஒரு தந்தை ஒரு நாட்டின் சட்டத்தையே நினைவுச் சின்னமாக வைத்தார் என்று பொருள்.

அடுத்தவர் ஹரூத்தியூன் ஷ்மவோனியன் என்ற குருவானவர். ஈரானின் ஷிராஸ் நகரைச் சேர்ந்த அவர், ஒரே வாரத்தில் தம் இரண்டு மகன்களையும் இழந்தார். துயரம் தாளாமல் ஊரைவிட்டு ஒதுங்கியிருந்தவர் பின்னர் சென்னைக்கு வந்து இக்கோயிலில் குருவானார். 1794இல் அவர் இங்கிருந்து தொடங்கிய 'அஸ்தரார்' என்ற திங்களிதழ்தான் உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ். பதினெட்டு இதழ்களோடு 1796இல் அது நின்றுபோயிற்று. சந்தா கட்டியவர்கள் சில பத்துப் பேரே. வணிகக் கணக்கில் பார்த்தால் நொடித்த தொழில். ஆனால் 1824இல் இறந்து இம்முற்றத்திலேயே துயிலும் அவரைத் தேடி ஆர்மீனியாவிலிருந்து வருபவர்கள் அவருடைய கல்லறைக்குத்தான் முதலில் போகிறார்கள். உயில் எழுதி ஒரு காசுகூட வைக்காதவருடைய கொடை இது என்பதால், மரபான கட்டளைகளோடு இதைச் சேர்க்கலாமா என்று சற்று யோசித்தேன். துக்கத்திலிருந்து ஒரு பொதுப்பொருள் எப்படி உண்டாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லாததால் சேர்த்துவிட்டேன்.

பணம் எழுதிவைத்தவர்கள் இருவர் உண்டு. சென்னையின் பெருவணிகர் எட்வர்டு ரஃபாயேல் 1791இல் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுக் கடலிலேயே இறந்தார். சாமுவேல் மூராட் 1816இல் இறந்தார். இருவரும் ஆர்மீனியச் சிறுவர்களின் கல்விக்கென விட்டுச் சென்ற செல்வம், வெனிஸ் நகரை அடுத்த சான் லாசரோ தீவிலுள்ள மெக்கிதாரிஸ்ட் என்ற ஆர்மீனியத் துறவியரிடம் போயிற்று. அந்தப் பணத்தில் 1834இல் பதுவாவில் ஒரு பள்ளியும், 1836இல் வெனிஸில் ஒரு பள்ளியும் எழுந்தன. பிறகு இரண்டு பெயர்களும் ஒன்றாகி மூராட்-ரஃபாயேல் கல்லூரி ஆயிற்று. சோழமண்டலக் கரையில் ஈட்டிய காசு வெனிஸ் மாளிகை ஒன்றில் ஆர்மீனியப் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்தது. 1997இல் அந்தக் கல்லூரியும் மூடப்பட்டது. நூற்றாறுபது ஆண்டுகள், எங்கள் கேடயத்தோடு ஒப்பிட்டால் நீண்ட ஆயுள்தான்.

மூராட்டின் மகன் எட்வர்டு சாமுவேல் மூராட் பங்குக்கு வந்த செல்வம் வேறு வழியில் சென்றது. எழும்பூரில் இன்று அருங்காட்சியகம் நிற்கும் பாந்தியன் வளாகத்தை அவர் 1821இல் வாங்கினார். 1830இல் அரசு அதை அவரிடமிருந்து 28,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. தந்தையின் உயில் வெனிஸுக்குப் போயிற்று, மகன் விற்ற நிலம் நமக்கு அருங்காட்சியகமாயிற்று. எது கொடை, எது வெறும் விற்பனை என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. எதனால் இந்த ஊர்க்காரன் அதிகம் பயனடைந்தான் என்று பார்த்தால் விடை அவ்வளவு எளிதாக இல்லை.

ஒரு கட்டளையின் நோக்கம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் வழி உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, பொது அறக்கட்டளை ஒன்றின் முதல் நோக்கம் நிறைவேறிவிட்டாலோ, நடக்க இயலாததாகிவிட்டாலோ, அதற்கு இயன்ற அளவு அருகில் இருக்கும் இன்னொரு நோக்கத்துக்கு அந்தச் சொத்தைத் திருப்ப நீதிமன்றம் திட்டம் வகுத்துக் கொடுக்கலாம். சென்னைக்காரர்களுக்கு இது புதிதன்று. அஸ்தரார் தொடங்கிய அதே 1794இல் இறந்த பச்சையப்ப முதலியார் கோயில் கைங்கரியங்களுக்கென எழுதிவைத்த செல்வம், பல்லாண்டு வழக்குக்குப் பிறகு நீதிமன்றத் திட்டத்தின் வழியாகக் கல்விக்கும் திரும்பித்தான் 1842இல் பள்ளி பிறந்தது. பச்சையப்பன் கல்லூரியில் படித்த எத்தனையோ பேர் அந்தத் திருப்பத்தால் படித்தவர்கள்.

சட்டம் இறந்தவர்களின் கருணையை எப்போதும் நம்பியதில்லை என்பதற்கும் சான்று உண்டு. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 118ஆம் பிரிவு நெடுங்காலம் கிறிஸ்தவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. உடன்பிறந்தாரின் மகனோ மகளோ அல்லது அதைவிட நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், சமயத்துக்கோ அறத்துக்கோ சொத்து எழுதிவைக்க வேண்டுமானால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே உயில் எழுதியிருக்கவேண்டும், எழுதிய ஆறு மாதத்துக்குள் அதை உரிய இடத்தில் ஒப்படைத்திருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தக் கொடை செல்லாது. மரணப் படுக்கையில் நரகத்துக்கு அஞ்சி ஒருவர் பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுவிடுவார் என்ற பழைய இங்கிலாந்துச் சட்டத்தின் அச்சம்தான் இதன் வேர். என்றைக்குச் சாவோம் என்று ஓராண்டுக்கு முன்பே தெரிந்தவர்கள் மட்டும் தருமம் செய்யலாம் என்பது போன்ற இந்த விதியை, பாகுபாடு காட்டுகிறது என்று கூறி 2003இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. நல்லதுதான். ஆனாலும் அந்த அச்சத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இழப்பு நேர்ந்த பதினாறு நாளுக்குள் எடுக்கிற முடிவில் அன்பு நிறைய இருக்கும், கணக்கு இருக்காது.

இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, நம் கல்வெட்டுகளில் வரும் ஆடுகளிடம் போய்ச் சேர்ந்தேன். சோழர் காலத்தில் கோயிலில் அணையாத நந்தா விளக்கு ஒன்று எரிய, கொடுப்பவர் 96 ஆடுகளை ஓர் இடையரிடம் விடுவார்; சில ஊர்களில் 90. இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். கிழ ஆடு இறக்கும், குட்டி அதன் இடத்துக்கு வரும், மந்தையின் எண்ணிக்கை குறையாது. அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். கடமை காசில் இல்லை, நெய்யில் இருக்கிறது. முதல் காசில் இல்லை, உயிரில் இருக்கிறது. விலைவாசி ஏறினால் ஆட்டின் விலையும் ஏறும், நெய் மட்டும் அதே உழக்கு. வங்கி வைப்பில் போட்ட எங்கள் 10,000 ரூபாயோ மூத்தது, செத்தும் போயிற்று. ஆண்டு வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்க்கவேண்டும் என்று அன்று ஒரு வரி எழுதியிருந்தால்கூடச் சில குட்டிகளாவது மிஞ்சியிருக்கும்.

அக்கல்வெட்டுகள் பெரும்பாலும் சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று சொல்லும். இதைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று மிரட்டும். ஆனால் என்னை நிறுத்தியது மூன்றாவது வாசகம்: இந்த அறத்தைக் காத்தவனுடைய பாதம் என் தலைமேல் இருக்கட்டும். அரசனோ அரசியோ அதிகாரியோ, கொடுத்தவர் எவராயினும், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஒரு காவலரின் காலில் தம் தலையை வைக்கிறார். தம் சந்ததி காக்கும் என்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை. யாரோ காப்பார், அவர் யாராக இருந்தாலும் நான் அவருக்குக் கீழே என்கிறார்.

ஆர்மீனியக் கோயில் இப்படித்தான் நிற்கிறது. நாற்பது பேர் குறைந்து குறைந்து ஒருவருமில்லை என்றான பிறகு, பொறுப்பு கொல்கத்தாவிலுள்ள ஆர்மீனியக் கோயில் குழுவிடம் இருக்கிறது. அங்கே 1724இல் எழுந்த நாசரேத்துக் கோயிலும், 1821இல் தொடங்கிய ஆர்மீனியக் கல்லூரியும் பழைய கொடைகளின் வலுவில் இன்னும் இயங்குகின்றன. ஓர் ஊரில் சபை மூடினால் அதன் உடைமை இன்னோர் ஊரின் சபையிடம் போய்ச் சேரும்படி ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அரண்மனைக்காரத் தெருவில் இன்று அடுக்குமாடி இல்லை. நேரில் நின்று பெருக்குபவரும் பூட்டுபவரும் ஆர்மீனியராக இருக்கவேண்டியதில்லை. இங்கே அடங்கியிருக்கும் 350 பேரின் தலைமேல் யாருடைய பாதம் என்று கேட்டால், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அவருடையதுதான்.

வேலூரில் இன்னொரு வகை உண்டு. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடருக்கு, நியூயார்க் வங்கியாளர் ஒருவர் இறந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அதில் 1902இல் நாற்பது படுக்கைகளோடு பெண்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. இங்கும் நாற்பது என்பது தற்செயல்தான். பெரிய மருத்துவமனை வளர்ந்து வேறிடம் சென்ற பிறகு, அந்தக் கட்டடம் கண் மருத்துவமனையாயிற்று. நோக்கம் மாறியும் பெயர் மாறவில்லை. ஆட்டோக்காரர்கள் இன்றும் "ஷெல்" என்றுதான் ஏற்றிச் செல்கிறார்கள். அந்த மனைவி வேலூரைப் பார்த்தவரல்லர்.

இதையெல்லாம் படித்த பிறகு பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தேன். பரிசை மீண்டும் தொடங்குங்கள் என்று கேட்கவில்லை. அப்பா பெயரில் உள்ள தொகையைப் பொது நிதியோடு சேர்த்ததற்கு இப்போதாவது எங்கள் ஒப்புதலை முறையாகத் தருகிறோம். தமிழில் முதலாவது என்ற நிபந்தனையை நீக்கிக்கொள்கிறோம். நாங்கள் மேலும் கொடுக்கும் தொகையின் வட்டியில் நான்கில் ஒரு பங்கை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்கவேண்டும். பள்ளி என்றேனும் மூடப்பட நேர்ந்தால் நிதி அருகிலுள்ள ஏதேனும் ஓர் அரசுப் பள்ளியின் நூலகத்துக்குப் போகவேண்டும். இவற்றுள் எதையாவது மாற்றினால் எங்கள் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடவேண்டும். கடைசி வரியில் கோபம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் துடைக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். "இந்த நிதி என்றென்றும் நிலவ வேண்டும்" என்று நான் தொடங்கியிருந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பேனாவை வாங்கி, என் விரலை வைத்து இடத்தைக் கேட்டுக்கொண்டு, "என்றென்றும்" என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன்மேல் கோணல்மாணலாக "பள்ளிக்கு இயன்றவரை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.